பேசும் கைப்பேசியும் கக்கத்துக் கட்டையும்

கால் எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்தவருக்கு ஊன்றுகோலில் நடக்கச் சொல்லிக்கொடுக்க வார்டில் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். அதற்குள் கட்டையின் உயரம் பார்க்க வேண்டும், சமதரையில் நடக்கவைக்க வேண்டும், நாலு படி ஏற்றி இறக்க வேண்டும், நாற்காலியில் உட்காரவும் எழவும் பழக்க வேண்டும். வலி மருந்தின் கிறக்கத்தில் இருப்பவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே டாக்சியிலிருந்து இறங்கும்போது அத்தனையும் மறந்திருக்கும். கட்டை முதலா, கால் முதலா?

இந்த மறதிக்குக் கைப்பேசி உதவியாளர் நல்ல துணை. அதற்கு ஞாபகம் உண்டு. இருபதாவது முறை கேட்டாலும் அலுத்துக்கொள்ளாத பொறுமை உண்டு. கை மட்டும் கிடையாது. தடுமாறுகிறவரை அதனால் பிடிக்க முடியாது. ஆகவே நோயாளி உட்கார்ந்திருக்கும்போது அது பேசட்டும். அவர் கட்டையை நகர்த்தத் தொடங்கிவிட்டால் வாயை மூடிக்கொள்ளட்டும். கீழே சொல்லியிருக்கும் அநேக விஷயங்கள் இந்த ஒரு விதியிலிருந்து கிளைத்தவைதான்.

உதவியாளர் என்றதும் பெரிய செயலியை நினைக்க வேண்டாம். எங்கள் கணக்கில் மூன்று வகை. ஒன்று, வீட்டுக்குக் கிளம்பும் நாளில் நோயாளியின் சொந்தக் கைப்பேசியிலேயே எடுத்த சின்னக் காணொளிகள். இரண்டு, வேளைக்கு நினைவூட்டி, தமிழில் கேள்வி கேட்டு, பதில் சொல்லும் குரல் அல்லது அரட்டை உதவியாளர். மூன்று, கேமராவில் பார்த்து உடல் நிலையைத் திருத்தும் செயலி. விலை ஏற ஏறப் பயனும் ஏறும் என்று நினைப்பது இயல்பு. இங்கே முதல் வகைதான் அதிகம் உழைக்கிறது.

காணொளி எடுப்பதில் ஒரு முறை இருக்கிறது. நோயாளியே, அவருடைய கட்டையோடு நடப்பதைப் பக்கவாட்டிலிருந்து எடுக்க வேண்டும். முன்னாலிருந்து எடுத்தால் இடம் வலமாகத் தெரியும். கட்டைக்கும் பாதத்துக்கும் உள்ள தூரமும் தெரியாது. ஒவ்வொன்றும் 20, 30 வினாடிக்கு மேல் வேண்டாம். எழுவது, நடப்பது, படி ஏறுவது, படி இறங்குவது என்று நாலு துண்டு. நாலையும் ஒன்றாகச் சேர்த்து இரண்டு நிமிடப் படமாகக் கொடுத்தால் யாரும் தேடிப் பார்ப்பதில்லை. படி இறங்கும் துண்டைத் திறக்கும் க்யூஆர் ஒட்டியைக் கட்டையின் கைப்பிடிக்குக் கீழே ஒட்டிவிட்டால், வாட்ஸ்அப்பில் தேட வேண்டிய வேலையும் மிச்சம்.

ஆனால் கட்டையின் உயரம் தப்பாக இருந்தால் எந்தக் குரல் என்ன சொல்லியும் பிரயோசனமில்லை. கக்கத்துக் கட்டைக்கு முதல் கணக்கு, ஆளின் உயரத்திலிருந்து 40 செ.மீ. கழிப்பது. 170 செ.மீ. உயரமுள்ளவருக்குச் சுமார் 130 செ.மீ. இது தொடக்கம்தான். நிமிர்ந்து நின்று, கட்டையின் நுனியைப் பாதத்துக்கு வெளியே 15 செ.மீ., சற்று முன்னால் வைத்தபின், அக்குளுக்கும் கட்டையின் மேல் மெத்தைக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கையைத் தளர்வாகத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு இருக்கும் இடத்தில் கைப்பிடி வர வேண்டும். பிடித்ததும் முழங்கை 20 முதல் 30 டிகிரி மடங்கியிருக்கும். முழங்கைக் கட்டை என்றால் கைவளையம் முழங்கைக்கு 3, 4 செ.மீ. கீழே.

மேல் மெத்தையில் அக்குளை ஊன்றித் தொங்குவதுதான் எல்லாரும் செய்யும் முதல் தப்பு. மெத்தை இருப்பதால் சாய்வதற்குத்தான் என்று தோன்றிவிடுகிறது. அக்குள் வழியே கைக்குப் போகும் நரம்பு நாள்கணக்கில் நசுங்கினால் கை மரத்துப்போகும். மணிக்கட்டைத் தூக்க முடியாமல் தொங்கிவிடுவதும் உண்டு. மெத்தையை விலாவோடு இறுக்கிக்கொண்டு, பாரத்தை உள்ளங்கையில் கொடுக்க வேண்டும். உதவியாளர் தினமும் கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வோம்: "கை, விரல் மரத்துப்போகுதா?"

செருப்புச் சங்கதி எந்தக் கையேட்டிலும் இருக்காது. மருத்துவமனையில் ஷூ போட்டுக்கொண்டு அளவெடுக்கிறோம். வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போகிறார்கள். ஆள் இரண்டு, மூன்று செ.மீ. குட்டையாகிவிட, கட்டை அக்குளில் முட்டுகிறது. அலுமினியக் கட்டையில் பொத்தான் துளைகளுக்கு இடையே பெரும்பாலும் 2.5 செ.மீ. இருக்கும், ஆக, இது சரியாக ஒரு துளை வித்தியாசம். தினமும் துளை மாற்றச் சொல்வது நடக்காத காரியம். வீட்டுக்குள் மட்டும் போட, குதிகாலைப் பிடிக்கும் வாருள்ள, வழுக்காத புதுச் செருப்பு ஒன்று வாங்கிவைக்கச் சொல்வது நடக்கும். சாமி மாடம் இருக்கும் வீட்டில் செருப்பா என்று பாட்டிமார் முகம் சுளிப்பார்கள். தெருவில் படாத செருப்பு என்று விளக்கினால் ஒத்துக்கொள்வார்கள். உதவியாளரின் முதல் நாள் கேள்விப் பட்டியலில் "வீட்டுக்குள்ள கால்ல என்ன போட்டிருக்கீங்க?" என்பது கட்டாயம் இருக்க வேண்டும்.

அடுத்து, பாரம். காலில் எவ்வளவு பாரம் போடலாம் என்பதை அறுவை மருத்துவர் சொல்வார்: துளியும் கூடாது, தொட்டுக்கொள்ளலாம், இத்தனை கிலோ வரை போடலாம், தாங்குமளவு போடலாம், முழுதும் போடலாம். இதைத் தமிழில் சொல்வதில்தான் எந்திரங்கள் சறுக்குகின்றன. பொது அரட்டை உதவியாளர்கள் "எடை தாங்காத நிலை", "பகுதி எடை தாங்குதல்" என்று அகராதித் தமிழில் எழுதும். கேட்பவருக்கு அது கட்டளையாகவே படாது. தன் கால் பலவீனமாகிவிட்டது என்று யாரோ குறிப்பு எழுதியதுபோலப் படும். "அந்தக் காலை ஊனவே கூடாது, தரையில படவும் கூடாது" என்று சொன்னால்தான் அது கட்டளை. தொட்டுக்கொள்வதற்கு எங்களிடம் ஓர் உவமை இருக்கிறது: "காலுக்கடியில அப்பளம் இருக்குன்னு நினைச்சுக்குங்க. அப்பளம் நொறுங்கக் கூடாது." இதை ஒருமுறை கேட்டவர் மறப்பதில்லை.

இத்தனை கிலோ என்பதற்கு அப்பளம் போதாது. குளியலறையில் எடை பார்க்கும் தராசைத் தரையில் வைத்து, அதே உயரத்துக்குப் பக்கத்தில் அசையாத பலகை ஒன்றைப் போட்டு, நல்ல கால் பலகையில், அடிபட்ட கால் தராசில். அனுமதி 20 கிலோ என்றால், இரண்டு கட்டையையும் ஊன்றி நின்று, முள் 20ஐத் தொடும்வரை மெல்ல அழுத்த வேண்டும். பத்து முறை குனிந்து முள்ளைப் பார்த்தபடி. பிறகு பத்து முறை நேரே பார்த்தபடி அழுத்திவிட்டு, பக்கத்தில் நிற்பவரிடம் எண்ணைக் கேட்க வேண்டும். பார்க்காமல் அழுத்தும்போது 30, 35 என்று எகிறுவதை அவரே கண்டுகொள்வார். தராசு நிற்கும்போது மட்டுமே உண்மை சொல்லும். நடக்கும்போது வேகத்தில் பாரம் இன்னும் கூடும் என்பதால், 20 கிலோ அனுமதி உள்ளவரை 15 என்று பழக்குவது நல்லது.

உதவியாளரில் பாரத்தின் அளவை யார் பதிவது? பிசியோ, அதாவது இயன்மருத்துவர், பதிந்து பூட்ட வேண்டும். நோயாளியின் பேச்சிலிருந்து எந்திரம் ஊகிக்கக் கூடாது, "ஆறு வாரம் ஆச்சு, இப்ப ஊனலாமா?" என்று கேட்டால் பொதுவாக இணையத்தில் உள்ளதைக் கலந்து "மெதுவாகத் தொடங்கலாம்" என்று சொல்லவும் கூடாது. பதிவில் மூன்று துண்டுகள் இருந்தால் போதும்: எந்தக் கால், எவ்வளவு பாரம், எந்தத் தேதிவரை. அந்தத் தேதி தாண்டிவிட்டால் எந்திரம் பழைய பதிலையும் சொல்லக் கூடாது, புதிய பதிலையும் சொல்லக் கூடாது. மருத்துவமனை எண்ணைக் காட்ட வேண்டும். நோயாளி கையில் கொடுக்கும் முன் இதைச் சோதிப்பது சுலபம். ஒரே கேள்வியை ஏழெட்டு விதமாகக் கேட்டுப் பாருங்கள். "லேசா ஊனிக்கவா?", "வலியே இல்ல, வெச்சுப் பாக்கட்டுமா?", "பக்கத்து வீட்டுக்காரர் நாலாவது வாரமே நடந்தாரே?" மூன்றாவது கேள்விக்கு இளகிவிடும் உதவியாளர்கள் நிறைய.

தமிழில் குரல் உதவியாளர் அமைக்கும்போது வேறொரு வேடிக்கையும் உண்டு. கால், படி, அடி. இந்தப் பயிற்சியின் மூன்று முக்கியச் சொற்களும் இரட்டைப் பொருள் கொண்டவை. "கால் வலிக்குது" என்றால் எந்திரம் அதை ஆங்கிலக் 'கால்' (call) என்று எடுத்துக்கொண்டு யாரையாவது அழைக்கக் கிளம்பும். "படி" என்றால் வாசிக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளும். "ஓர் அடி" என்பது எடுத்துவைக்கும் அடியா, பன்னிரண்டு அங்குலமா? ஊன்றுகோல் என்ற சொல்லே தாத்தாவின் கைத்தடிக்கும் கக்கத்துக் கட்டைக்கும் பொது. கைத்தடிக்கான அறிவுரையைக் கட்டைக்காரருக்குச் சொல்லிவிடும். நாங்கள் பரிந்துரைப்பது: எழுத்தில் "கட்டை", "மாடிப்படி", "ஒரு எட்டு" என்ற சொற்களையே எல்லா இடத்திலும் வைப்பது, நோயாளியின் பதிலைப் பேச்சில் வாங்காமல் பெரிய பொத்தான்களில் வாங்குவது. "ஆச்சு", "முடியல", "வலிக்குது" என்ற மூன்று பொத்தான் போதும். மின்விசிறியும் தொலைக்காட்சியும் ஓடும் கூடத்தில் பேச்சைப் புரிந்துகொள்வது மனிதருக்கே கஷ்டம்.

"பாதிக்கப்பட்ட கால்", "மற்ற கால்" என்ற சொற்களையும் தூக்கிவிடுங்கள். எது மற்றது? "அடிபட்ட கால்", "நல்ல கால்" என்றால் குழப்பமில்லை. வலது, இடது என்பதைப் பதற்றத்தில் இருப்பவர் ஒரு கணம் யோசித்துத்தான் கண்டுபிடிப்பார். ஒற்றைக் காலில் நிற்பவரை யோசிக்கவிடக் கூடாது.

மரியாதையும் முக்கியம். சில குரல்கள் "காலை வை, நட" என்று ஒருமையில் கட்டளையிடும். எழுபது வயது அம்மாவை அப்படிச் சொன்னால் அன்றைக்கே கைப்பேசி அலமாரிக்குள் போய்விடும். "வையுங்கள்" என்று எழுதினால் செய்தி வாசிப்பதுபோல இருக்கும்; "வைங்க" என்று பேச்சு வழக்கில் எழுதிக் கொடுத்தால் பல குரல்கள் ஓரளவு இயல்பாகவே சொல்கின்றன. எண்ணை இலக்கத்தில் எழுதாமல் "இருபது கிலோ" என்று எழுத்தில் எழுதுங்கள். வேகத்தை முக்கால் பங்காகக் குறையுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் ஐந்து வினாடி மௌனம். பிசியோவின் சொந்தக் குரலைப் பதிந்து வைக்க முடிந்தால் எந்திரக் குரலே வேண்டாம். தெரிந்த குரலுக்குக் கட்டுப்படுவது மனித சுபாவம்.

எழுந்து நிற்பதற்கான ஒலிக்குறிப்பு இப்படி இருக்கலாம். எல்லாமே அவர் உட்கார்ந்திருக்கும்போது ஒலிப்பவை:

"கட்டில் ஓரமா முன்னால நகர்ந்து உட்காருங்க. நல்ல காலை உள்ள இழுத்து வைங்க. அடிபட்ட காலை முன்னால நீட்டிக்குங்க. ரெண்டு கட்டையையும் சேர்த்து, கைப்பிடியில ஒரே கையால பிடிங்க. இன்னொரு கையால கட்டிலை அழுத்தி எழப் போறீங்க. எழுந்ததும் நடக்காதீங்க, பத்து எண்ணுங்க. தலை சுத்தினா அப்படியே உட்காருங்க. இப்ப நான் பேசறதை நிறுத்திக்கிறேன். முடிச்சிட்டு உட்கார்ந்ததும் 'ஆச்சு'வை அழுத்துங்க."

கடைசிக்கு முந்தைய வாக்கியத்தை நீக்கிவிடாதீர்கள். அடுத்த கட்டளை வருமோ என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நிற்பவர் தரையைக் கவனிப்பதில்லை. அதிலும் வயதானவர்களுக்கு நடையும் கேட்பதும் ஒரே நேரத்தில் ஓடாது. கேள்விக்குப் பதில் சொல்ல நடையை நிறுத்துவார்கள், அல்லது நடையைக் கோட்டைவிடுவார்கள். "நன்றாகச் செய்கிறீர்கள்!" என்று நடுவழியில் உற்சாகப்படுத்தும் செயலிகளில் அந்த அமைப்பை உடனே அணைத்துவிடுங்கள்.

நடை ஆரம்பிக்கும் முன் நோயாளியே வரிசையைச் சொல்ல வேண்டும். உதவியாளர் கேட்கும்: "முதல்ல எது?" அவர்: "கட்டை." "அப்புறம்?" "அடிபட்ட கால்." "அப்புறம்?" "கைப்பிடியை அழுத்தி நல்ல கால்." இரண்டு கட்டையும் ஓரடித் தூரம் முன்னால், அதற்கு மேல் வேண்டாம், நல்ல கால் கட்டைகளின் கோட்டுக்கு வந்து நிற்க வேண்டும், தாண்டக் கூடாது. தாண்டி வீசி நடப்பதெல்லாம் தோளும் துணிவும் உள்ள இளவயதினருக்கு, அதுவும் பிறகு. ஒரே மூச்சில் அரை மணி நேரம் என்பதைவிட நாளுக்கு மூன்று தடவை ஐந்து நிமிடம். ஒற்றைக் காலில் கட்டையோடு நடப்பது சாதாரண நடையைவிட நன்றாகவே மூச்சு வாங்கவைக்கும். களைத்த கைதான் கடைசி நாலு எட்டில் வழுக்குகிறது.

மாடிப்படிக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கும் வாய்பாடு: ஏற நல்ல கால், இறங்க நோகிற கால். ஏறும்போது நல்ல கால் மேல் படிக்குப் போகும், உடல் எழும்பும், பிறகு அடிபட்ட காலும் கட்டையும் சேர்ந்து வரும். இறங்கும்போது கட்டை முதலில் கீழ்ப்படிக்கு, கூடவே அடிபட்ட கால், கடைசியில் நல்ல கால். கைப்பிடிக் கம்பி இருந்தால் ஒரு கை கம்பியில். இரண்டாவது கட்டையைக் கூட வருபவர் தூக்கட்டும். துணைக்கு வருபவர் எப்போதும் கீழ்ப்பக்கம் நிற்க வேண்டும்: ஏறும்போது பின்னால், இறங்கும்போது முன்னால். கையைப் பிடிக்கக் கூடாது, கை கட்டைக்கு வேண்டும். இடுப்பு வாரைப் பிடிக்க வேண்டும். படியில் உதவியாளருக்கு வேலையே இல்லை. ஏறும் முன் உட்கார்ந்து ஒருமுறை காணொளி பார்ப்பதோடு சரி.

துணைக்கு வருபவர் என்று எழுதுவது சுலபம். சிங்கப்பூரில் பல வீடுகளில் அது பணிப்பெண். நோயாளிக்குத் தமிழ், அவருக்கு இந்தோனீசிய மொழியோ பர்மிய மொழியோ. நடுவில் இருவருக்கும் கொஞ்சம் ஆங்கிலம். கைப்பேசி உதவியாளர் உண்மையிலேயே மனிதரை மிஞ்சுவது இங்கேதான். அதே ஒலிக்குறிப்பை இரண்டு மொழியில் வைத்து, முதலில் அம்மாவுக்குத் தமிழில், பிறகு "நீங்கள் எங்கே நிற்க வேண்டும், எதைப் பிடிக்க வேண்டும்" என்பதைப் பணிப்பெண்ணுக்கு அவர் மொழியில் சொல்லவைக்கலாம். எந்திர மொழிபெயர்ப்பை நம்பி அப்படியே விடாமல், அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை கேட்கக் கொடுங்கள். "இடுப்பு வார்" சில நேரம் "இருக்கை வார்" ஆகிவிடுகிறது.

கேமரா பார்த்துத் திருத்தும் செயலிகளைப் பற்றிச் சுருக்கமாக. உடலில் உணரி கட்டி வீட்டிலேயே பயிற்சி செய்ய, பிசியோ தூரத்திலிருந்து கண்காணிக்கும் தொலைமறுவாழ்வு சிங்கப்பூரில் 2017லேயே அறிமுகமாகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நீட்டி மடக்கும் பயிற்சிக்கு அது பொருந்தும். கட்டை நடைக்குக் கேமரா திணறுகிறது. கைலியும் சேலையும் முழங்காலை மறைத்துவிடும். கட்டைகள் கால்களின் குறுக்கே வந்து உருவத்தைக் குழப்பும். எல்லாவற்றுக்கும் மேலாக, கேமரா பாதம் தரையில் இருப்பதைப் பார்க்கும்; அதில் பாரம் ஐந்து கிலோவா, ஐம்பதா என்று பார்க்காது. முதுகு கூனுவது, கட்டை உடலை விட்டு அகலுவது, தலை குனிந்தே இருப்பது, இவற்றைப் பிடிக்க அது போதும். அதற்கும் கைப்பேசியை மேசையில் நிறுத்தி, இரண்டரை மூன்று மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் நடக்க வேண்டும். மின்னூட்டக் கம்பி நடைவழியில் கிடக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கைப்பேசியை நடக்கும்போது எங்கே வைப்பது? கையில் கிடையவே கிடையாது. கழுத்துக் கயிற்றில் தொங்கவிட்டால் ஊஞ்சலாடிக் கட்டையில் சிக்கும். உடம்போடு ஒட்டிய குறுக்குப் பை சரி. காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு வெளியே போனால் நடைபாதையில் வரும் சைக்கிள் மணி கேட்காது.

வீட்டுக்கு வெளியே நம் ஊரின் தரை எப்படியென்று உதவியாளருக்கு யாரும் சொல்லித்தந்திருப்பதில்லை. மழை பெய்த பிறகு கூரையிட்ட நடைபாதையிலும் ஓரங்கள் நனைந்திருக்கும். பார்வையற்றோருக்கான புடைப்புக் கல் ஈரத்தில் வழுக்கும். வடிகால் மூடியின் கம்பி இடுக்கில் கட்டையின் ரப்பர் நுனி இறங்கிவிடும். லிட்டில் இந்தியாவின் கடைவீட்டு வராந்தாக்களில் கடைக்குக் கடை தரை மட்டம் மாறும்; தேக்கா ஈரச்சந்தைப் பக்கம் கட்டையோடு போகாமலிருப்பதே நல்லது. மின்படி வேண்டவே வேண்டாம், எம்ஆர்டி ரயில் நிலையத்தில் மின்தூக்கியைத் தேடுங்கள். பேருந்தில் உட்கார்ந்த பிறகு வண்டி கிளம்பட்டும் என்று ஓட்டுநரிடம் சொல்லுங்கள், காத்திருப்பார். சாலை கடக்க முதியோர் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கு 3 முதல் 13 வினாடிவரை நீளும் 'கிரீன் மேன் பிளஸ்' வசதி 2009லிருந்து இருக்கிறது. ஆனால் பந்தாட்டத்தில் கால் முறிந்த இருபத்தைந்து வயதுக்காரரிடம் அந்த அட்டை இருக்காது. அவர் பாதியில் இருக்கும் பச்சையை விட்டுவிட்டு, அடுத்த பச்சை தொடங்கும்போதே இறங்க வேண்டும்.

வீட்டுக்குத் திரும்பியதும் வாசலில் ஒரு பழைய துணி. ரப்பர் நுனி இரண்டையும் துடைத்துவிட்டுத்தான் ஓட்டுத் தரையில் கட்டை படலாம். வாரம் ஒருமுறை உதவியாளர் நினைவூட்டட்டும்: நுனியைத் திருப்பிப் பாருங்க, வரி தேய்ஞ்சு வழவழன்னு ஆயிருச்சா? தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும்.

ஆபத்து அதிகமுள்ள இடம் குளியலறை; பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் அதன் வாசலில் ஒரு மேடு வேறு. ஒரே ஒரு படிதான், ஆனால் ஈரப் படி. அங்கும் அதே வாய்பாடு. துண்டு போடும் கம்பியைப் பிடிக்காதீர்கள், அது ஆளைத் தாங்கப் பொருத்தியதல்ல. 65 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்கள் இருக்கும் வீடுகளுக்கு 2012இல் தொடங்கிய 'ஈஸ்' திட்டத்தில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரைப்பூச்சு, சாய்தளம் ஆகியவற்றை உதவித்தொகையோடு பொருத்தித் தருகிறார்கள். உதவியாளர் முதல் நாளே இந்தத் தகவலைத் தந்துவிட்டால் விண்ணப்பம் சீக்கிரம் போகும். அதுவரை குளியல் நாற்காலி.

தங்கும் விடுதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு நிலைமை வேறு. முதல் கேள்வி: "மேல் கட்டிலா, கீழ்க் கட்டிலா?" மேல் என்றால் மற்றெல்லாப் பாடத்தையும் நிறுத்திவிட்டு, கீழ்க் கட்டில் கேட்டு மருத்துவமனையிலிருந்தே ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். கழிவறை எத்தனை எட்டு தூரம், எந்த மாடி, மின்தூக்கி உண்டா என்றும் கேளுங்கள். பத்துப் பன்னிரண்டு பேர் தங்கும் அறையில் கைப்பேசி உரக்க "கழிவறை போனீங்களா?" என்று கேட்டால் மனுஷன் அதை அணைத்துவிடுவார். உட்கார்ந்திருக்கும்போது ஒரு காதில் மட்டும் இயர்ஃபோன், அல்லது எழுத்து.

இன்னொரு தயக்கம் உண்டு, வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்: இந்தப் பதிவு முதலாளிக்குப் போகுமா? இத்தனை எட்டு நடந்தார் என்று தெரிந்தால் எம்சியை (மருத்துவ விடுப்பை) குறைத்துவிடுவார்களா, இழப்பீட்டில் கை வைப்பார்களா என்ற பயம். பயந்தவர் எல்லாவற்றுக்கும் "முடியல" என்றே அழுத்துவார். பிசியோ அதை நம்பித் திட்டம் போடுவார். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நோயாளியின் சம்மதத்தைக் கேட்கிறது. ஆங்கிலத்தில் நாலு பக்கம் காட்டி கட்டைவிரலை அழுத்தச் சொல்வதைச் சம்மதம் என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. யார் பார்ப்பார்கள், யார் பார்க்க மாட்டார்கள், எப்போது அழிக்கப்படும் என்று தமிழில் மூன்று வாக்கியம் போதும். அந்த வாக்கியங்களைக் காப்பாற்ற முடியாவிட்டால் பதிவே எடுக்க வேண்டாம், காணொளி மட்டும் கொடுங்கள்.

அபாய அறிகுறிகளில் எந்திரம் அரட்டை அடிக்கக் கூடாது. நெஞ்சு வலி, திடீர் மூச்சுத்திணறல் என்றால் திரையில் 995 மட்டும் தெரிய வேண்டும். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக வலிப்பது இரத்தம் உறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். புண்ணில் சீழ், காய்ச்சல், விழுந்தது, விரல் நீலமானது, இவையும் அப்படித்தான். சிக்கல் என்னவென்றால் யாரும் "கெண்டைக்காலில் வீக்கம்" என்று சொல்வதில்லை. "ஆடுசதை கல்லு மாதிரி இருக்கு", "விறுவிறுன்னு இழுக்குது", "மதமதன்னு கிடக்கு", "மூச்சு வாங்குது, படுக்க முடியல". இந்தச் சொற்களை ஒவ்வொன்றாக எழுதிச் சோதிக்காத உதவியாளரைத் தமிழ் தெரிந்தது என்று சொல்லாதீர்கள். "மதமதன்னு" என்பதற்கு ஓய்வெடுக்கச் சொல்லி முடித்துவிடும் எந்திரம் ஆபத்தானது. சுகாதார அமைச்சு 2021இல் மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு பற்றி வெளியிட்ட வழிகாட்டி, எந்திரத்தைச் செய்பவருக்கு மட்டுமல்ல, அதை நோயாளிமேல் பயன்படுத்தும் நிலையத்துக்கும் பொறுப்புகளைச் சொல்கிறது. சொற்பட்டியலைச் சோதிப்பதை நிலையத்தின் வேலையாகவே நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

இரண்டு கட்டையிலிருந்து ஒரு கட்டைக்கு இறங்கும் நாளில் புதுக் குழப்பம் வரும். ஒற்றைக் கட்டை நல்ல காலின் பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். அடிபட்ட காலோடு சேர்ந்து முன்னே போக வேண்டும். கிட்டத்தட்ட எல்லாருடைய கையும் அடிபட்ட பக்கத்துக்கே போகும், அதுதான் நியாயமாகவும் தோன்றும். புதிய காணொளி அன்றே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நாலையும் அவர் கண்ணெதிரிலேயே அழித்துவிடுங்கள், க்யூஆர் ஒட்டியைக் கிழித்துவிடுங்கள்.

நினைவூட்டல்களையும் அன்றே நிறுத்த வேண்டும். மருத்துவர் காலை ஊன்றச் சொல்லிப் பத்து நாள் ஆகியிருக்கும். கைப்பேசி மட்டும் காலை எட்டு மணிக்கு "அடிபட்ட காலை ஊனாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சொன்ன பேச்சைக் கேட்கிற நோயாளி அதற்கும் கட்டுப்பட்டு ஒற்றைக் காலிலேயே நடப்பார், தொடைத் தசை இளைத்துக்கொண்டே போகும். நினைவூட்டல் அமைக்கும்போதே முடியும் தேதியையும் சேர்த்துப் போடுங்கள், அடுத்த மருத்துவச் சந்திப்பு நாளைத் தாண்டாதபடி.